அரணாக்கயிற்றுக் காசு

அவர் கையில் யாரும் காசைக் கொடுக்கக் கூடாது. மேசைமேல் வைக்க வேண்டும். அவரே கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்து விரிப்பார். அதன்மேல் வைத்துவிட்டு நாம் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு சட்டைப்பையிலிருந்து, கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் செருகிக்கொள்வார்களே, அந்த லென்ஸ் வெளியே வரும். காசின் விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில் ஆபீஸே தீப்பிடித்தாலும் அவருக்குத் தெரியாது. கொண்டுவந்தவர் எச்சில் விழுங்குகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்கும். என் டைப்ரைட்டர் அவர் மேசையை ஒட்டித்தான் இருந்தது.

நான் திருநெல்வேலியிலிருந்து நெய்வேலிக்கு வேலைக்கு வந்தது எழுபதுகளின் நடுவில். வேலைக்குச் சேர்கிறவர்களின் சான்றுகளைச் சரிபார்க்கிற செக்‌ஷனில் என்னைப் போட்டார்கள். அவர்தான் செக்‌ஷனுக்குத் தலைவர். கோயம்புத்தூர் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர், சட்டைக் காலர் எப்போதும் மொடமொடவென்று நிற்கும். பழைய காசு சேர்க்கிற பித்து அவருக்கு உண்டு. மெட்ராஸில் பழைய காசுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்களாம் என்று ஒரு புரளி டவுன்ஷிப்பில் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை நம்பி, ஷிப்ட் முடிந்து லிக்னைட் தூசியோடு வருகிறவர்கள்கூட மடியிலிருந்து எதையாவது அவிழ்த்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர் யாரையும் திருப்பி அனுப்பியது இல்லை. யாருக்கும் ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை.

"இருக்கிறதைச் சொல்றேனுங்க. இருந்ததைக் கேக்காதீங்க" என்பார். தீர்ப்புக்கு முன்னால் எல்லோருக்கும் கிடைக்கிற முன்னுரை அது.

எனக்கு அவரைப் பிடிக்காது. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் டவுன்ஷிப் பஸ்ஸில் ஒரு பத்து பைசாவைக் கொடுத்தேன். விளிம்பு நெளிநெளியாக இருக்குமே, அந்த அலுமினியக் காசு. ஒரு பக்கம் வழவழவென்று ஆகியிருந்தது. செல்லாது என்றார் கண்டக்டர். அரசாங்கம் அடித்த காசு எப்படிச் செல்லாமல் போகும் என்று நான் சண்டைக்கு நின்றேன். பின் சீட்டிலிருந்து அவர் எழுந்து வந்தார். நம் செக்‌ஷன் ஆள் வந்துவிட்டார், இனி கண்டக்டர் பாடு திண்டாட்டம்தான் என்று நினைத்தேன். ஓடுகிற பஸ்ஸில், கம்பியில் சாய்ந்துகொண்டு, அந்த மனிதர் லென்ஸை எடுத்துக் கண்ணில் செருகினார். பஸ்ஸே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தது. ஒரு பக்கம் எழுத்து சுத்தமாகப் போய்விட்டது, கண்டக்டர் வாங்காதது சரிதான் என்று சொல்லிவிட்டுத் தன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். என்னிடம் வேறு சில்லறை இல்லை. நான் இறங்கி, உச்சி வெயிலில் என் ப்ளாக் வரைக்கும் நடந்தே போனேன். எனக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, அந்தக் காசை பேங்கில் கொடுத்தால் மாற்றித் தருவார்கள் என்றார். தானாகத் தேய்ந்ததை வாங்கிக்கொள்வார்களாம். வெட்டினது, ஓட்டை போட்டது என்றால்தான் வாங்க மாட்டார்களாம். ஆத்திரத்தில் நேற்றே அதைச் சாக்கடையில் வீசிவிட்டேன் என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று. என்னை வெயிலில் நடக்கவிட்டதற்காக அல்ல, அந்தக் காசுக்காக.

அக்கவுண்ட்ஸில் ஒருவர் இருந்தார். மகளுக்குப் பண்ருட்டியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார். அவருடைய அப்பா விட்டுப்போன ராஜா தலை வெள்ளி ரூபாய் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் கல்யாணச் செலவில் பாதி தேறிவிடும் என்று யாரோ அவருக்கு ஆசை காட்டியிருந்தார்கள். பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கைக்குட்டைமேல் வைத்தார். கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. வெள்ளிக்கிழமைதோறும் அவர் மனைவி விபூதி போட்டுத் தேய்த்துச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பாராம். கொண்டுவருகிற அன்று காலையிலும் ஸ்பெஷலாக ஒரு தேய்ப்பு தேய்த்துக் கொடுத்திருக்கிறார்.

எங்கள் தலைவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு லென்ஸைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"வெள்ளி இருக்குதுங்க. ராஜா போயிட்டார்."

அக்கவுண்ட்ஸ்காரர் காசை மறுபடியும் பட்டுத்துணியில் சுற்றினார். ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் வாய் வெந்தா போய்விடும் என்று கேட்டார். அந்தக் கேள்வி இவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. நான் நல்லதாகச் சொன்னால் காசு நல்லதாக ஆகிவிடுமா என்று திருப்பிக் கேட்டார். அதிலிருந்து மாற்றலாகிப் போகும்வரை அந்த மனிதர் இவரோடு கேண்டீனில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. இவர் அதைக் கவனித்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

இப்படிப்பட்டவரோடு ஒரு பெண் எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறுகுறுப்பு. ஒரு பொங்கலுக்கு அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தேன். அவருடைய மனைவி நன்றாகச் சிரிக்கிறவர். முறத்தில் அவரையைப் போட்டு ஆய்ந்துகொண்டே, பெண் பார்க்க வந்த கதையைச் சொன்னார். முதலில் வந்தவர்கள் மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள், ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்றார்களாம். அடுத்து வந்தவர்களும் மகாலட்சுமி என்றார்களாம். எந்த லெட்டரும் வரவில்லை. கடைசியாக இவர் வந்து பஜ்ஜியைத் தின்றுவிட்டு, எல்லோரும் இருக்கும்போதே சொல்லியிருக்கிறார்.

"முகம் சுமார்தானுங்க, கண்ணு நல்லாருக்குது, எனக்குச் சம்மதம்னாரு. எங்கப்பா அடிக்கவே போயிட்டாரு. நாந்தான் உள்ளேயிருந்து, இவரையே கட்டிக்கிறேன்னேன். இவரு ஒண்ணு சொன்னா அது அப்படியேதான் இருக்கும் பாருங்க, மேல கீழ போயித் தேட வேண்டியதில்லை."

அன்றைக்கு அவர்மேல் எனக்கு லேசாக ஒரு பிரியம் வந்தது உண்மை. ஆனால் அது நிலைக்கவில்லை. 1979இல் கான்ட்ராக்ட் ஆட்களை பர்மனென்ட் ஆக்குகிற வேலை எங்கள் செக்‌ஷனுக்கு வந்தது.

பர்மனென்ட் என்றால் என்ன என்பதை நெய்வேலியில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்துக் கரி ஓடுகிற அதே பெல்ட்டுக்குக் கீழே, அதே கரியை அள்ளுகிற இரண்டு பேரில் ஒருவனுக்கு குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. இன்னொருவனுக்கு அன்றைய கூலி மட்டும், அதுவும் மேஸ்திரிக்கு மனம் இருந்தால். இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது ஒரு ஆர்டர். அந்த ஆர்டர் வேண்டுமென்றால் வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேருக்கு வயதுக்கு எந்தச் சான்றும் இல்லை. அப்படிப்பட்டவர்களை டாக்டர் பார்த்து ஒரு உத்தேச வயது எழுதுவார். வேறு அத்தாட்சி இருந்தால் எங்கள் செக்‌ஷன் அதைப் பரிசீலித்துக் குறிப்பு எழுதலாம். குறிப்பு எழுதுகிறவர் அவர். டைப் அடிக்கிறவள் நான்.

ஜாதகங்கள் வந்தன. ஒரு ஜாதகத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. அவர் அதை மோந்து பார்த்தார். மஞ்சள் நேற்று வைத்தது என்று சொல்லித் தள்ளிவிட்டார். அந்த ஆளின் மனைவி ஆபீஸ் வாசலில் கைக்குழந்தையோடு சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டித்தான் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. விரல்கள் டைப் அடிக்கும். மனசு, பாவி மனுஷா, பாவி மனுஷா என்று அடித்துக்கொண்டிருக்கும்.

கடைசி நாள் அன்று முத்தாண்டிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்தான். பெல்ட் அடியில் சிந்துகிற கரியை அள்ளிப் போடுகிற கான்ட்ராக்ட் வேலை. பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. டாக்டர் அவனைப் பார்த்து, முப்பத்தைந்திலிருந்து நாற்பதுக்குள் என்று எழுதியிருந்தார். அதாவது வேலை போச்சு. கூட அவனுடைய அக்கா வந்திருந்தாள். நரைத்த தலை, ஒட்டிய கன்னம். காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடந்தது. புருஷன் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்த பிறகு தம்பி வீட்டோடு இருக்கிறாள். தம்பிக்கு மூன்று பிள்ளைகள். அத்தனை பேர் வயிறும் அன்றைக்கு அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றது.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்தாள். நடுவில் ஓட்டை போட்ட காலணா. குழந்தையாக இருந்தபோது தம்பியின் இடுப்பில், அரணாக்கயிற்றில் கோத்துக் கட்டியது என்றாள். பிறந்த குழந்தைக்கு அந்தக் காசைக் கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம்தான். எங்கள் பக்கத்திலும் பார்த்திருக்கிறேன். காசில் வருஷம் போட்டிருக்கும், அதைப் பார்த்து வயதைத் தெரிந்துகொள்ளலாம் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"கொடி ஏத்துன வருசம் பொறந்தவன் சார் எந் தம்பி" என்றாள். மனப்பாடம் செய்துகொண்டு வந்த மாதிரி இருந்தது.

அவர் கைக்குட்டையை விரித்தார். லென்ஸ் வெளியே வந்தது. நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஒரு பக்கம் ஓட்டையைச் சுற்றி இலைக்கொத்து. மறுபக்கம் மேலே கிரீடம். வருஷமும் அந்தப் பக்கம்தான். ஜன்னலோரம் பார்த்தார். போதவில்லை என்று எழுந்து வராந்தா வெயிலுக்குப் போய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். தம்பிக்காரன் அவர் பின்னாலேயே போய், அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தான். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு, ஒன்பது, நாலு தெரியுது. கடைசி எழுத்து இல்லைங்க. மூணாவும் இருந்திருக்கலாம், ஏழாவும் இருந்திருக்கலாம்."

ஏழு என்றால் அவனுக்கு முப்பத்திரண்டு. வேலை. மூன்று என்றால் முப்பத்தாறு வரைக்கும் போகலாம். ஒரே ஒரு வருஷம் இடிக்கிறது. வாய் திறந்து ஏழு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் அடித்துக் கொடுத்துவிடுவேன், மேலே எவனும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் போவதில்லை. நான் அவர் முகத்தையே பார்த்தேன். கண்ணாலேயே கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். அவரோ அந்த அம்மாளிடம், காசைத் துலக்குவீங்களா என்று கேட்டார்.

"ஆமாங்க சார். வருசா வருசம் ஆடிப்பெருக்குக்கு வெளக்கு வெளக்கசொல்ல, இதையும் புளி போட்டு வெளக்கி வெப்பன். எங்க அம்மா கட்டுனதாச்சே."

"இது இடுப்புல தேயலைங்க. புளியில தேய்ஞ்சிருக்கு. நீங்க வெளக்காம இருந்திருந்தா வருஷம் இருந்திருக்கும்."

அந்த அம்மாள் தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு அவற்றை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இதை இப்போது சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கி அவர் தலையில் போடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அவர் இன்னும் காசைக் கீழே வைக்கவில்லை. இப்போது முகப்பை விட்டுவிட்டு ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காசைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, ஓட்டையின் உள்விளிம்பை ஒரு இடத்தில் பார்த்து, பிறகு எதிர்ப் பக்கத்தில் பார்த்தார். நிமிர்ந்து, தம்பிக்காரனை வெளியே வேப்பமரத்தடியில் போய் நிற்கச் சொன்னார். அவன் அக்காவைப் பார்த்துக்கொண்டே போனான். எங்களையும் ஒரு பார்வை பார்த்தார். யாரும் நடுவில் ஒரு வார்த்தை பேசக் கூடாது, எடுத்துக் கொடுக்கவும் கூடாது என்றார்.

"அம்மா, கயிறு அறுத்த தடம் இதுல ரெண்டு இடத்துல இருக்குது. ஒண்ணு பழசு, ஒண்ணு அதுக்கப்புறம். ஒரு புள்ளை கட்டின தேய்மானம் இல்லைங்க இது. இது தம்பியோட காசுதானா?"

சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பர்மனென்ட் ஆகிறவர்களின் லிஸ்ட் அன்று சாயங்காலம் மேலே போயாக வேண்டும். அவள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கே எது சொன்னால் நல்லது என்று தெரியவில்லை, அவளுக்கு எப்படித் தெரியும். தம்பியின் காசுதான் என்று அவள் மறுபடியும் அடித்துச் சொல்லிவிடட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

"பொய் சொல்லிட்டன் சார்" என்றாள். "அது எங் காசு. எனக்கு மொதல்ல கட்டுனது. நான் பொறந்து முப்பதாம் நாளு, தொட்டில்ல போட்டன்னிக்கிக் கட்டுச்சாம், எங்க அம்மா சொல்லிகினே இருக்கும். பொறவு தம்பி பொறக்கசொல்ல என் இடுப்புலேருந்து அவுத்து அவனுக்குக் கட்டுச்சு. உங் காசுன்னு தெரிஞ்சா தூக்கிப் போட்டுடுவாங்க, வாயத் தொறக்காதன்னு மேஸ்திரி சொன்னாரு. அவன் மேல தப்பு இல்ல சார். அவன வுட்டுடுங்க."

போச்சு என்று நினைத்தேன். செக்‌ஷனில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தே போய்விட்டார். அவர் மட்டும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கும் தம்பிக்கும் நடுவுல வேற புள்ளை உண்டுங்களா?"

"ஒண்ணு பொறந்துச்சு சார். கவுறு கட்டங்காட்டியும் செத்துப்பூடுச்சு. அதுக்கப்புறந்தான் இவன். எங்க அம்மா கள வெட்டப் போனா நாந்தான் இவன இடுப்புல தூக்கிகினு திரிவன். இவன் காலு என் முட்டிய இடிக்கும்."

அவர் லென்ஸைக் கழற்றினார். இந்த ஓட்டைக் காலணா சண்டைக் காலத்தில், செம்புக்குப் பஞ்சம் வந்தபோது, நாற்பத்து மூன்றில்தான் முதன்முதலில் அடித்தது, அதற்கு முன்னால் கிடையாது என்றார். அது தம்பியின் காசாக இருந்திருந்தால், கடைசி எழுத்து இல்லாமல், அவனுக்கு முப்பத்தாறு வரைக்கும் போகும், தள்ளத்தான் வேண்டியிருந்திருக்கும். அக்காவுக்கு முப்பதாம் நாள் கட்டிய காசு என்றால், அக்கா நாற்பத்து மூன்றுக்கு முன்னால் பிறந்திருக்க முடியாது. நடுவில் ஒரு குழந்தை. இரண்டு வருஷமாவது கழித்துத்தான் தம்பி. அவனுக்கு எப்படிப் பார்த்தாலும் முப்பத்து நான்குக்கு மேல் வராது. தனக்குக் கெடுதல் என்று நினைத்துக்கொண்டே ஒரு அம்மாள் சொன்ன வார்த்தை இது, இதை நான் எழுதுவேன் என்றார். என் பக்கம் திரும்பி, "தாளைப் போடுங்க" என்றார்.

அவசரமாகச் செருகினேன். தாள் கோணலாகப் போய் மாட்டிக்கொண்டது. அந்த அம்மாளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. தம்பிக்கு வேலை உண்டு அம்மா என்று நான்தான் சொன்னேன். அவள் மேசைக்கு இந்தப் பக்கம் அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கும்பிட்டாள். அவர் சங்கடப்பட்டு, எழுந்திருங்க, எழுந்திருங்க என்றார். அவள் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவு வரைக்கும் போனாள். அப்புறம் என்ன தோன்றியதோ, திரும்பி வந்தாள்.

"சார், அப்ப எனக்கு இப்ப என்னா வயசு?"

இதை எங்களில் யாரும் யோசித்திருக்கவில்லை. எங்களுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது தம்பியின் வயது.

"முப்பத்தாறுங்க. அதுக்கு மேல இல்லை" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். யாரோ தன்னைக் கேலி செய்கிறார்கள் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. "அம்பது இருக்கும்னு நெனச்சிகினு இருந்தன்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோயிற்று.

"நெசமாவா சார்?"

"நெசந்தானுங்க."

"பத்து வருசம் இருக்கும் சார். மேல்பட்டாம்பாக்கத்துலேருந்து ஒருத்தரு வந்து கட்டிக்கறன்னு கேட்டாரு. நல்ல மனுசன். தம்பிகூட கட்டிக்கக்கான்னு சொல்லிச்சு. வயசு போன காலத்துல என்னாத்துக்குன்னு சொல்லி அனுப்பிட்டன்."

சொல்லிவிட்டு, அவள் மனசுக்குள்ளேயே ஏதோ கழித்துப் பார்ப்பது தெரிந்தது. அவளுக்குக் கணக்கு வராது. எனக்கு வந்தது. எனக்கும் அப்போது அந்த வயதுதான், இருபத்தாறு. ஊரில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டேன்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். சத்தமே இல்லாத அழுகை, தோள் மட்டும் குலுங்கியது. அவர் நாற்காலியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவர் அழுதால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது, யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததும் இல்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அவளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"இத்த மட்டும் தம்பிகிட்ட சொல்லிடாதீங்க சார். அது தாங்காது. எல்லாம் அதுக்காவத்தான்னு நெனச்சிக்கும்."

அவர் பதில் சொல்வதற்குள், பொறுக்க முடியாமல் தம்பிக்காரன் உள்ளே வந்துவிட்டான். பெஞ்சில் அக்கா அழுவதைப் பார்த்தான். வேலை கிடைக்கவில்லை என்றுதானே நினைப்பான். உங்களுக்கு வேலை உண்டு, ஆர்டர் வரும் என்று அவர் சொன்னார். அவனால் நம்ப முடியவில்லை. என்னைப் பார்த்தான், நான் தலையாட்டினேன். மறுபடியும் அக்காவைப் பார்த்தான். பிறகு நேராக அவரிடம் திரும்பினான். ஊரெல்லாம் தெரிந்ததுதானே, அந்த மனிதர் வாயிலிருந்து உள்ளது மட்டும்தான் வரும் என்பது.

"அப்புறம் அக்கா எதுக்கு சார் அழுவுது?"

அவர் கைக்குட்டையை எடுத்து மடித்தார். மறுபடியும் பிரித்து மடித்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் முகத்தை மூடிய முந்தானையை எடுக்கவே இல்லை.

"சந்தோஷத்துல அழறாங்க" என்றார். "கூட்டிட்டுப் போங்க."